ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது வேறு கணக்கு

நீலகிரியில் விளையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விற்பனைக்காக மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்கி வருகின்றன. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டரில். இந்தத் தொழிலில் இருக்கும் பிக்கப் வண்டி பெரும்பாலும் லோடு குறைவாக மலை ஏறுகிறது, முழு லோடோடு இறங்குகிறது. ஆனால் வண்டி வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி, "மலை நல்லா ஏறுமா?" என்பதுதான். விற்பவரும் குதிரைத்திறன் எண்ணைச் சொல்லி அந்தக் கேள்வியை முடித்துவிடுவார். இறங்குவதைப் பற்றி இருவருமே பேசுவதில்லை.

2005இல் டாடா ஏஸ் வந்தபோது இந்தச் சங்கடம் பெரிதாக இல்லை. 702 சிசி, இரண்டு சிலிண்டர், முக்கால் டன் சுமை. ஊர் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்துக்கொண்டது. சந்துக்குள் போய் வர வேறு நான்கு சக்கரக் குட்டி லாரி இல்லாததால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. அதற்கு மேல்தட்டில், ஒன்றே கால் டன்னிலிருந்து ஒன்றே முக்கால் டன் வரை ஏற்றும் பிக்கப்களில்தான் இன்று போட்டி கடுமை. அதில் இரண்டை எடுத்துக்கொள்வோம்: மகிந்திராவின் பொலேரோ பிக்கப், 2011இல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்டின் தோஸ்த். இரண்டும் டீசல், இரண்டுக்கும் டர்போ, இரண்டுக்கும் பின்சக்கரத்தில்தான் இழுவை. ஆனால் பொறியாளர்கள் எடுத்த முடிவுகள் நேரெதிர். பொலேரோவுக்கு முன்னால் பானெட். அதற்குள் இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். தோஸ்த்தில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின்.

இப்போது விளக்கத்தாளைப் பாருங்கள். பொலேரோ பிக்கப்புக்குச் சுமார் 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பிஎஸ் 6 புகை விதிக்குப் பிறகு வந்த தோஸ்த்துக்குச் சுமார் 80 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். மாடலுக்கும் ஆண்டுக்கும் இந்த எண்கள் கொஞ்சம் முன்பின்னாக மாறும். ஆனாலும் ஒரு லிட்டர் சின்னதான எஞ்சின், பெரியதோடு தோளுக்குத் தோள் நிற்கிறது. எப்படி?

காற்றுதான் காரணம். எஞ்சினின் கொள்ளளவு என்பது பிஸ்டன்கள் எல்லாம் ஒருமுறை இழுக்கும்போது விழுங்கும் காற்றின் மொத்தப் பருமன். டர்போ அந்தக் காற்றை அழுத்தித் திணிக்கிறது. அதே இடத்துக்குள் அதிக ஆக்சிஜன், அதனால் அதிக டீசல் எரிகிறது. முறுக்குவிசையைக் கொள்ளளவால் வகுத்துப் பார்த்தால், எரியும் வாயு பிஸ்டனைச் சராசரியாக எவ்வளவு அழுத்துகிறது என்று தெரிந்துவிடும். பெரிய எஞ்சினில் அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 10 மடங்கு. சின்னதில் 16 மடங்கு. சின்னது திறமைக் குறைவானது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரே வேலையை அது அதிக அழுத்தத்தில் நின்று செய்கிறது, அவ்வளவுதான். அதனால் டர்போவின் உடல்நலமும், சரியான ஆயிலைக் காலத்தில் மாற்றுவதும் அதற்குக் கூடுதல் முக்கியம். பழைய மெக்கானிக்குகள் பெரிய எஞ்சினை "அலட்டிக்காத எஞ்சின்" என்று மெச்சுவதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

முறுக்குவிசை எண்ணை மட்டும் வைத்து வண்டியின் இழுவையை முடிவுசெய்வது பெரிய பொறி. எஞ்சின் தரும் முறுக்கு நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. கியர்பாக்ஸ் அதைப் பெருக்குகிறது, பின்னச்சில் இருக்கும் கிரவுன் பல்சக்கரம் மறுபடியும் பெருக்குகிறது. உதாரணத்துக்கு ஒரு வண்டி 200 நியூட்டன் மீட்டர் தந்து, முதல் கியரில் நான்கு மடங்கும் கிரவுனில் நான்கு மடங்கும் பெருக்கினால் சக்கரத்துக்கு 3,200. இன்னொன்று வெறும் 140 தந்து, இரண்டிலும் ஐந்து ஐந்து மடங்காகப் பெருக்கினால் 3,500. எண்ணில் தோற்ற வண்டி மேட்டில் ஜெயித்துவிட்டது. விலையாக அது கொடுத்தது வேகம். அதே எஞ்சின் சுற்றுக்கு அது மெதுவாகத்தான் போகும். கியர் விகிதங்களும் டயர் அளவும் விளக்கத்தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். குதிரைத்திறன் மட்டும் அட்டையில் கொட்டை எழுத்தில்.

மலை ஏற உண்மையில் எவ்வளவு சக்தி வேண்டும்? மொத்தம் 3,000 கிலோ எடையுள்ள வண்டி, நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறது என்று வைப்போம். புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்க 17 கிலோவாட். டயர் உருளும் தடைக்கு ஏறத்தாழ 3 கிலோவாட். மொத்தம் 20, அதாவது 27 குதிரைத்திறன். நம் இரண்டு வண்டியிலும் இதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்து, எஞ்சின் சுற்று 1,500க்குக் கீழே விழும்போது டர்போ விழிக்கத் தாமதமாகும். அங்கே சின்ன எஞ்சின் சற்றுத் திணறலாம், கியரை ஒன்று குறைத்தால் தீர்ந்தது. ஆக, ஏற்றத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் நடுவே தூக்கம் கெட யோசிக்கும்படி ஒன்றுமில்லை.

இறக்கம் அப்படியல்ல.

முழு லோடோடு ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் அதே 3,000 கிலோ வண்டி, தன் உயரத்தோடு சேர்த்து 56 மெகாஜூல் ஆற்றலை இழக்க வேண்டும். ஒரு லிட்டர் டீசலை முழுதாக எரித்தால் கிடைப்பது சுமார் 36 மெகாஜூல்தான். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தச் சாலையில் டயரும் காற்றும் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதி 35 மெகாஜூலை எஞ்சினும் பிரேக்கும்தான் பங்குபோட்டு வெப்பமாக்கி வெளியே தள்ள வேண்டும். நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. அது முழுவதும் நான்கு சக்கரத்து இரும்பில் போய்த் தங்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் கல்லாறு பக்கம் இறங்கும் வண்டிகளின் லைனிங் தீய்ந்த நாற்றம் சொல்கிறது.

இந்த இரு வண்டிகளிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம் சூடானால் விரிந்து லைனிங்கை விட்டு விலகுகிறது, மிதி ஆழமாகப் போகிறது. லைனிங்கில் உள்ள பிசின் சூட்டில் வாயுவை உமிழ, உராய்வு குறைகிறது. இவை இரண்டையும்விட ஆபத்தானது பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4 வகைக்கு இது 230, 155. கொதித்த இடத்தில் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். மிதித்த கால் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு டயரின் விலையில் சிறு பகுதிதான். ஆனாலும் மலை வண்டிகளில்கூட அதை மாற்றுகிறவர்கள் குறைவு.

பிரேக்கின் பாரத்தைக் குறைப்பது எஞ்சின். கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டால், சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது. உள்ளே நடக்கும் உராய்வும் காற்றை இழுத்துத் தள்ளும் வேலையும் வண்டியைப் பிடித்து நிறுத்துகின்றன. பெட்ரோல் எஞ்சினில் காற்று வரும் வழியை ஒரு மூடி அடைத்துக்கொள்வதால் இந்தப் பிடிப்பு நன்றாகத் தெரியும். டீசலில் வேலைக்கு அப்படி ஒரு மூடி தேவையில்லை என்பதால், பருமனுக்குப் பருமன் பிடிப்பு குறைவு. இந்தப் பிடிப்பு எஞ்சினின் கொள்ளளவையும் சுற்றுவேகத்தையும் பொறுத்தது. டர்போ இங்கே ஒன்றும் செய்யாது. எரிபொருளே போகாதபோது அதற்கு வேலையில்லை.

நம் ஒப்பீட்டில் தராசு சாயும் இடம் இதுதான். ஏறும்போது டர்போவின் தயவில் 1.5 லிட்டர் எஞ்சின் 2.5 லிட்டருக்குச் சமமாக நின்றது. இறங்கும்போது 1.5 வெறும் 1.5தான். தோராயக் கணக்கில், 3,000 சுற்றில் பெரிய எஞ்சின் 12 கிலோவாட் அளவுக்குப் பிடிக்கும் என்றால், சின்னது 7 கிலோவாட் பிடிக்கும். முன்பு சொன்ன சரிவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கத் தேவை 14 கிலோவாட். பெரிய எஞ்சின் வண்டியில் பிரேக்குக்கு மிஞ்சுவது 2, சின்னதில் 7. ஓட்டுநர் இன்னும் ஒரு கியர் குறைத்து, வேகத்தைப் பாதியாக்கினால் தேவையும் பாதியாகும், சின்ன எஞ்சினும் சமாளிக்கும். ஆனால் மண்டியில் ஏலம் தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர் வேகத்தைப் பாதியாக்குவாரா என்பது இயற்பியல் கேள்வி அல்ல. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வரச் சொல்லும் பலகைகளை ஓட்டுநர்கள் கிண்டலடிப்பதுண்டு. அந்தப் பலகை எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

லோடோடு இறங்கும் தொழிலுக்கு மின்வண்டி ஏற்றது என்று ஒரு கட்சி உண்டு, அதில் உண்மையும் உண்டு. சுவிட்சர்லாந்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் ஈ-டம்பர் என்ற மின்லாரி, மேலிருந்து 65 டன் கல்லோடு இறங்கும்போது பேட்டரியை நிரப்பிக்கொண்டு, அந்த மின்சாரத்திலேயே காலியாக மேலே ஏறிவிடுகிறது. நம் ஊரிலும் 2022இல் ஏஸ் மின்வண்டி வந்தது. ஆனால் முதலில் வந்த மாடலின் சுமைத்திறன் அரை டன்னைச் சற்றே தாண்டியது. உச்சியிலேயே முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால் திரும்பிவரும் மின்சாரத்தைப் போட்டுக்கொள்ளப் பேட்டரியில் இடமிருக்காது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

மலையை விட்டுச் சமவெளிக்கு வந்தால் காற்று திசைமாறுகிறது. ஒட்டன்சத்திரம் காய்கறியைப் பொள்ளாச்சி வழியாகக் கேரளத்துக்கு ஏற்றுபவருக்கோ, கோயம்புத்தூர் நகருக்குள் கடை கடையாக இறக்குபவருக்கோ இறக்கக் கணக்கு பெரிதல்ல. வண்டியின் சொந்த எடைதான் பெரிது. தோஸ்த்தின் ஒரு மாடல் 1,250 கிலோ ஏற்றும். மொத்த எடை 2,600 கிலோவுக்குச் சற்றுக் கீழே. பொலேரோவின் ஒரு மாடல் 1,300 கிலோ ஏற்றும். மொத்த எடை 3,000த்தைத் தொட்டு நிற்கும். ஐம்பது கிலோ அதிகச் சுமைக்கு, வண்டி தன்னோடு சுமந்து திரியும் இரும்பு சுமார் 350 கிலோ அதிகம். ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓடினால், அந்த 350 கிலோவைச் சமதரையில் உருட்டுவதற்கு மட்டும் ஏறத்தாழ 150 லிட்டர் டீசல் போகும். நின்று நின்று கிளம்பும் நகர ஓட்டத்தில் இன்னும் அதிகம். அதே இரும்புதான் மேடுபள்ளச் சாலையில் சட்டத்தை வளையாமல் காக்கிறது என்று பொலேரோ வைத்திருப்பவர் சொன்னால், அதையும் மறுக்க முடியாது.

மொத்த எடை எண்களைக் கூர்ந்து பார்ப்பவருக்கு ஒரு வேடிக்கை தெரியும். இந்தப் பிரிவில் 2,990, 3,490 என்பது போன்ற எண்கள் அடிக்கடி வரும். எஃகின் வலிமை சொல்லிவைத்தாற்போல் அங்கே வந்து முடிவதில்லை, சட்டம் முடிகிறது. 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்குத் தருகிறது. 3,500 கிலோ என்பது என்1, என்2 என்ற வாகன வகைகளுக்கு நடுவிலுள்ள கோடு. ஓட்டுநர் அறைக்குக் கட்டாய ஏசி போன்ற விதிகள் அதற்கு மேலே உள்ள வண்டிகளுக்குத்தான். ஓட்டுநர் உரிமம் பற்றிய கவலை இரண்டு வண்டிக்குமே வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது.

சுமைத்திறன் என்பது மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் வருவது. பாடி கட்டும் பட்டறையில் பக்கத் தகடு உயர்த்தி, மேலே கம்பி வளையம் போட்டு, பின்னால் இரும்புப் பம்பர் வைத்தால் அந்த எடையெல்லாம் சுமையிலிருந்துதான் கழியும். ஓட்டுநரும் கிளீனரும் தார்ப்பாயும் அப்படித்தான். அதிகாரி எடை மேடையில் ஏற்றும்போது விளக்கத்தாளைப் பார்க்க மாட்டார். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது.

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதோடு எங்கே ஏற்றுகிறோம் என்பதும் உண்டு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர் என்று வைப்போம். 1,300 கிலோ சுமையின் நடுப்புள்ளி பின்னச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், 130 கிலோ முன்சக்கரத்துக்குப் போகிறது. அதே நடுப்புள்ளி 30 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப்போனால், பின்னச்சு 1,430 கிலோவைத் தாங்குகிறது. முன்சக்கரம் 130 கிலோ இலேசாகிறது. ஸ்டீயரிங் பூப்போல் திரும்பும். அது சுகமல்ல, எச்சரிக்கை: முன் டயர் சாலையைச் சரியாகப் பிடிக்கவில்லை. பானெட் உள்ள வண்டியில் முன்னால் எஞ்சின் எடை நிரந்தரமாக உட்கார்ந்திருப்பதால் இந்தப் பிழையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். இருக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள வண்டியோ, குறைந்த நீளத்துக்குள் நீளமான தட்டைத் தருகிறது. சந்தில் திருப்புவது எளிது. அதற்கு ஈடாக ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது கொஞ்சம் தகடுதான். நேருக்கு நேர் மோதலில் நொறுங்கிக் கொடுக்க பானெட்டுக்கு இருக்கும் நீளம் அங்கே இல்லை. நெடுஞ்சாலையில் இரவோட்டம் ஓடப்போகிறவர் இதை விலைக்கு முன்னால் வைத்து யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு வண்டியிலும் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான். வாங்கிய மறுவாரமே கூடுதலாக இரண்டு பட்டை அடிப்பது நம்மூர் வழக்கம். பட்டை கூடினால் வண்டி தாழாது, உண்மை. ஆனால் அச்சும் பிரேக்கும் டயரும் பழையவைதான். டயரின் பக்கவாட்டில் இருக்கும் சுமைக் குறியீட்டில் 100 என்றால் 800 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ. பட்டை அடித்ததும் அந்த எண் ஏறிவிடாது. போதாததற்கு, காலியாக வரும்போது ஸ்பிரிங்கின் மேல் எடை மூன்றில் ஒரு பங்காகிவிடுவதால் வண்டி 1.7 மடங்கு வேகமாக அதிரும். கூடுதல் பட்டை அதை இன்னும் மோசமாக்கும். ஓட்டுநரின் முதுகும், பாதி லோடில் போகும் தக்காளியும் இதற்குப் பலி. சாலையும்தான். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டியே சாலைகளை உடைத்துப் பார்த்த ஒரு பெரும் சோதனையிலிருந்து வந்த கணக்குப்படி, சாலையின் சேதம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் படிக்கு ஏற்ப வளர்கிறது. இருபது சதவீதம் அதிகம் ஏற்றினால் சேதம் இரு மடங்கு.

மைலேஜ் பற்றி எல்லோரும் பேசுவதால் ஒன்றே ஒன்று மட்டும்: 60இல் போகும் வண்டி 80இல் போனால் காற்றுத் தடை 78 சதவீதம் கூடும். இரு வண்டிக்கும் இடையே விளக்கத்தாள் காட்டும் மைலேஜ் வித்தியாசத்தை ஓட்டுநரின் வலதுகால் ஒரே நாளில் அழித்துவிடும். புகைக்குழாயில் கரி வடிகட்டி இருந்தால், குறுகிய நகர ஓட்டத்தில் அது சூடேறிக் கரியை எரிக்க வாய்ப்பில்லாமல் அடைத்துக்கொள்ளும்; தினமும் சந்துக்குள்ளேயே ஓடப்போகிறவர் அதைச் சுத்தப்படுத்தும் முறையைச் சர்வீஸ் ஆட்களிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

என் தீர்ப்பைக் கேட்டால்: மலையிலிருந்து லோடு இறக்குபவருக்குக் கொள்ளளவு பெரிய எஞ்சின், அதன் கூடுதல் எடையோடு சேர்த்தே. சமவெளியில், நகரத்துக்குள், கடைக்குக் கடை நிறுத்தி ஓடுபவருக்கு இலேசான, இருக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள வண்டி. இரண்டும் கலந்து ஓடுபவர், ஆண்டில் எத்தனை நாள் லோடோடு மலை இறங்குகிறோம் என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு வெற்று வண்டியைத்தான் தருவார்கள். அதில் ஏசியும் பாட்டும் எப்படி என்று தெரியும், வேறொன்றும் தெரியாது. நீங்கள் ஏற்றப்போகும் அளவுக்கு மணல் மூட்டை போட்டு, நீங்கள் ஓடப்போகும் சாலையின் மோசமான இறக்கத்தில், தாழ்ந்த கியரில், பிரேக்கைத் தொடாமல் வண்டி எந்த வேகத்தில் நிலைக்கிறது என்று பார்க்கக் கேளுங்கள். பாடி கட்டி முடிந்ததும், முதல் லோடுக்கு முன்பாக, காலி வண்டியை ஒரு எடை மேடையில் நிறுத்தி அந்தச் சீட்டை ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள்.